கைக்கேற்ற கோல்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருவாறு கடந்து, ஏரியைச் சுற்றிப் பார்த்து, காப்பித் தோட்டங்களின் வாசனையை அநுபவித்துவிட்டு, சேர்வராயன் கோயிலுக்கும் ஒரு நடை போய் வருவது வழக்கம். கடல் மட்டத்துக்கு மேல் 5,326 அடி உயரத்தில் மலையின் உச்சி மட்டப்பலகை வைத்துச் சமன் செய்ததுபோல் பரந்து கிடக்கிறது. தலையைக் குனிந்து குகைக்குள் நுழைந்து, சேர்வராயனையும் காவேரியம்மனையும் தரிசித்துவிட்டு வெளியே வந்து நிமிர்ந்தால், முகத்தில் வந்து மோதும் காற்றுக்கு விலை மதிப்பே இல்லை.

அந்தக் காற்றுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அது கனம் குறைந்த காற்று. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. குறையவே, அதைக் கிழித்துக்கொண்டு பறக்கும் பொருளுக்குத் தடையும் குறைகிறது. கோல்ப் ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் பந்து போகும் தூரம் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமாகக் கூடும் என்பது அந்தக் கணக்கு. சென்னைக் கடற்கரையில் 200 கெஜம் போகும் பந்து, அதே கை அதே வேகத்தில் அடித்தால், சேர்வராயன் கோயில் உயரத்தில் ஏறக்குறைய 212 கெஜம் போகும். 7,000 அடி உயரமுள்ள கொடைக்கானலில் 216 கெஜம். உதகமண்டலத்தில் இன்னும் ஓரிரண்டு கெஜம் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பன்னிரண்டு கெஜமும் பதினாறு கெஜமும் யாருக்குச் சொந்தம்? அடித்தவருக்கும் சொந்தமில்லை, அடித்த கோலுக்கும் சொந்தமில்லை. மலைக்குச் சொந்தம். ஆனால் கோடை விடுமுறைக்கு மலையேறிய கனவான் ஒருவர், அங்கே யாரிடமோ இரவல் வாங்கிய கோலால் ஓங்கி அடித்துவிட்டு, பந்து போன தூரத்தைக் கண்டு மெய்சிலிர்த்து, "இந்தக் கோலில் ஏதோ தெய்வாம்சம் இருக்கிறது" என்று தீர்மானித்துவிடுகிறார். ஊருக்குத் திரும்பியதும் அதே மாதிரிக் கோலை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார். சமவெளியில் பந்து வழக்கம்போல் இருநூறாவது கெஜத்தில் ஓய்வெடுத்துக்கொள்கிறது. கோலை மலையிலிருந்து கொண்டுவரலாம். மலைக் காற்றைக் கொண்டுவர முடியுமா?

கோல் வாங்குவதில் நேரும் ஏமாற்றங்களில் இது ஒன்றுதான். இன்னும் பல உண்டு. இந்த வாரம் அவற்றைப் பற்றியும், அவற்றிலிருந்து தப்பும் வழியைப் பற்றியும் நேயர்களுடன் பேசலாம் என்று கருதுகிறோம்.

"கோல்ப் நமக்கு எதற்கு? அது வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட ஆட்டமல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே அவர்கள் கோல்ப் சங்கம் கண்டார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய சங்கங்களுள் அதுதான் மிகப் பழமையானது. கொடைக்கானலில் 1895-ல் சங்கம் ஏற்பட்டது. அந்த மைதானங்களில் நம்மவர்களுக்கு அன்று கிடைத்த உத்தியோகம் பெரும்பாலும் பை சுமப்பது. பை சுமக்கும் பையனுக்கு இங்கிலீஷில் 'காடி' என்று பெயர். போலீஸார் ஜாபிதாவில் வரும் 'கேடி'க்கும் இவனுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் துரைமார் எறிந்துவிட்ட பழைய கோல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் வீடு திரும்பிய பிறகு இப்படிப்பட்ட பையன்கள் பழகிய ஆட்டம் வீண் போகவில்லை. இந்தியத் திறந்த போட்டியை 1965-ல் பில்லூ சேத்தி என்னும் நம் நாட்டு ஆட்டக்காரர் வென்றார். 1991-ல் அதே போட்டியை வென்ற அலி ஷேர், டில்லி கோல்ப் சங்கத்தில் பை சுமந்து வளர்ந்தவர். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர்களுள் அந்த வெற்றியை முதலில் பெற்றவர் அவரே. ஆகவே, ஆட்டம் இப்போது நம்முடையதுமாகிவிட்டது. வீட்டுக் குழந்தைகளும் ஆடப் புறப்பட்டுவிட்டார்கள். கோலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது இனி அவசியமே.

கோல்ப் ஆடுகிறவர் பையில் பதினான்கு கோல்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 1938-லும் பிரிட்டனில் 1939-லும் இந்த விதி வந்தது. பதினான்கில் நாம் இன்று எடுத்துக்கொள்வது 'பேர்வே வுட்' என்னும் கோல். ஆட்டம் தொடங்கும் மேடைக்கும் குழி இருக்கும் பசுந்தரைக்கும் இடையே புல்லை ஒட்ட வெட்டிவிட்ட நீண்ட பாதைக்குப் 'பேர்வே' என்று பெயர். தொடக்க மேடையில் பந்தைச் சிறு முளையின்மேல் தூக்கி வைத்து அடிக்கலாம். அதற்கு 'டிரைவர்' என்ற பெரிய கோல் இருக்கிறது. பாதையில் கிடக்கும் பந்தைக் கிடந்தபடியேதான் அடிக்க வேண்டும். அங்கிருந்து இன்னும் இருநூறு கெஜம் போக வேண்டுமானால் துணைக்கு வருவது இந்தப் பேர்வே வுட்.

'வுட்' என்றால் மரம். இன்று வரும் கோல்களின் தலை எஃகினாலோ டைட்டானியத்தினாலோ ஆனது. பெயரில் மட்டும் மரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1979-ல் அமெரிக்காவில் டெய்லர்மேட் என்ற கம்பெனி உலோகத் தலையை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மரத்தலைகள் மறைந்துபோயின. அதற்கு முன்பு அவற்றைப் பெர்சிமன் என்னும் அமெரிக்க மரத்தில் கடைந்தார்கள். அந்நிய மரமாயிற்றே என்று நேயர்கள் அதைத் தள்ளிவிட வேண்டாம். எபனி எனப்படும் நம் கருங்காலியையும், ஆற்றோரத்துப் பனிச்சையையும், அந்தப் பெர்சிமனையும் தாவர நூலார் டயாஸ்பைரஸ் என்னும் ஒரே குலத்தில் வைத்திருக்கிறார்கள். இடி தாங்கும் மரம் வேண்டும் என்று நம் பாட்டிமார் உலக்கைக்குக் கருங்காலியைத் தேடினார்கள். அடி தாங்கும் மரம் வேண்டும் என்று அமெரிக்கர்கள் அதன் பங்காளியைத் தேடினார்கள். உலக்கை தேர்ந்தெடுத்த பாட்டி இன்னொன்றும் அறிந்திருந்தாள்: பலசாலியான மருமகளுக்கு ஏற்ற உலக்கை பத்து வயதுப் பேத்திக்கு ஆகாது என்பதுதான் அது. இன்றைக்கு நாம் சொல்லப்போவதன் சாரமும் அதுவே.

கோலில் கவனிக்க வேண்டியவை இரண்டு: ஒன்று தலை, மற்றொன்று தண்டு. தலையில் முக்கியம் அதன் முகத்துச் சாய்வு. மூன்றாம் எண் வுட்டுக்குச் சாய்வு ஏறக்குறைய 15 டிகிரி. ஐந்தாம் எண்ணுக்கு 18 அல்லது 19. ஏழாம் எண்ணுக்கு 21 அல்லது 22. சாய்வு குறையக் குறையப் பந்து அதிக தூரம் போகும் என்று கடைக்காரர் சொல்லுவார். அது பாதி உண்மைதான். தரையில் கிடக்கும் பந்தை 15 டிகிரிச் சாய்வினால் ஆகாயத்தில் கிளப்புவதற்குக் கைவீச்சில் நல்ல வேகம் வேண்டும். அந்த வேகம் இல்லாதவருக்குப் பந்து முழங்கால் உயரத்தில் பறந்து, சீக்கிரமே தரையைத் தேடிவிடும். அதே மனிதர் ஐந்தாம் எண்ணையோ ஏழாம் எண்ணையோ எடுத்தால் பந்து உயர எழும்பி, மூன்றாம் எண்ணைவிட அதிக தூரம் போய் விழுவதும் உண்டு. பசுந்தரையில் செங்குத்தாக வந்து இறங்குவதால் ஓடாமலும் நிற்கும். ஆனாலும் மூன்றாம் எண்ணைப் பையில் வைத்துக்கொள்வதில்தான் பலருக்குக் கௌரவம் இருக்கிறது. கௌரவம் பந்தைத் தூக்காது.

இதற்குச் சரித்திரத்தில் ஒரு சாட்சி உண்டு. 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் அகஸ்டா நகரத்து மைதானத்தில் கடைசி நாள் ஆட்டம். ஜீன் சாரசென் என்ற ஆட்டக்காரர் மூன்று அடி பின்தங்கியிருந்தார். பதினைந்தாவது குழிக்கு 235 கெஜம் பாக்கி. கையில் எடுக்க வேண்டியது மூன்றாம் எண்ணா, நான்காம் எண்ணா என்று யோசித்தார். தூரத்தை மட்டும் பார்த்தால் மூன்றாம் எண்தான் உசிதம். ஆனால் பந்து புல்லில் சற்று அழுந்திக் கிடந்தது. மூன்றாம் எண்ணுக்கு அதைக் கிளப்பும் சாய்வு போதாது என்று கண்டு, நான்காம் எண்ணை எடுத்து அடித்தார். பந்து நேரே போய்க் குழிக்குள் விழுந்தது. ஒரே அடியில் மூன்று அடிக் கடனும் தீர்ந்தது. மறுநாள் கிரெய்க் வுட் என்பவருடன் மீண்டும் ஆடி வெற்றி மாலையும் சூடினார். வுட் என்னும் கோலைச் சரியாகத் தேர்ந்தெடுத்து வுட் என்னும் மனிதரை வென்றார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி தண்டுக்கு வருவோம். வாங்குகிறவர்கள் தலையைப் பளபளவென்று பார்த்துவிட்டுத் தண்டைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அநுபவசாலிகளோ தண்டை முதலில் பார்க்கிறார்கள். கையில் இருக்கும் வேகத்தைத் தலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தண்டுதானே? நம் சிலம்ப ஆசிரியர்கள் இதை நன்கு அறிவார்கள். சிஷ்யனை நிற்க வைத்து, அவன் நெற்றி உயரத்துக்குக் கம்பை அளந்து கொடுப்பார்கள். பிரம்பை வளைத்துப் பார்த்து, "இது உனக்குத் துவளும், இது உனக்கு விறைக்கும்" என்று சொல்லுவார்கள். கோல்ப் தண்டுக்கும் பரீக்ஷை இதுவே, பெயர்கள்தான் வேறு.

முற்காலத்தில் தண்டுகள் ஹிக்கரி என்னும் மரத்தினால் ஆனவை. ஒரு மரத்துண்டு போல் இன்னொன்று வளைவதில்லை. ஆகையால் ஒன்றுக்கொன்று பொருந்தும் தண்டுகளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. 1930-ல் ஒரே ஆண்டில் நான்கு மகா போட்டிகளையும் வென்ற பாபி ஜோன்ஸ் அத்தகைய ஹிக்கரிக் கோல்களைத் தம் கையுணர்வினால் மட்டுமே ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தவர். பிற்காலத்தில் அவற்றைத் தராசில் இட்டுப் பார்த்தபோது ஒரே ஒரு கோல் தவிர மற்றவையெல்லாம் ஒத்திருந்தனவாம். அந்த ஒரு கோல்தான் அவருக்கு எப்போதும் தொல்லை கொடுத்து வந்ததாம். இந்தக் கதையைக் கோல்ப் உலகத்தில் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். பிரிட்டனில் 1929-ல் எஃகுத் தண்டுக்கு அநுமதி கிடைத்தது. 1970-களில் கிராபைட் என்னும் கரி இழைத் தண்டு வந்தது. இன்று பேர்வே வுட்டுகளில் பெரும்பாலும் கிராபைட்தான்.

தண்டில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, துவட்சி. தண்டின்மேல் எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்துக்கள் பொறித்திருக்கும். எல் மிகவும் துவள்வது. எக்ஸ் மிகவும் விறைப்பானது. டிரைவர் கோலை வீசும் வேகம் மணிக்கு 85 முதல் 95 மைல் வரை உள்ளவருக்கு ஆர் பொருந்தும் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் குறைந்தவருக்கு ஏ அல்லது எல். அதற்கு மேற்பட்டவருக்கு எஸ். ஆனால் எழுத்தை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். இதற்கு உலகப் பொதுவான அளவு ஏதும் இல்லை. ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ் போல் விறைத்திருக்கலாம். பொதுவாக, வலக்கைக்காரர் ஒருவருக்குத் தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் பந்து தாழப் பறந்து வலப்பக்கம் நழுவும். அடித்த உணர்ச்சி கட்டையை அடித்ததுபோல் இருக்கும். அளவுக்கு மீறித் துவண்டால் பந்து உயர எழுந்து இடப்பக்கம் போகும்.

இரண்டாவது, கனம். பேர்வே வுட்டுக்கு வரும் கிராபைட் தண்டுகள் பெரும்பாலும் 50 கிராமிலிருந்து 80 கிராம் வரை இருக்கும். பையில் உள்ள கோல்கள் நீளம் குறையக் குறையக் கனம் ஏறிக்கொண்டு வருவது முறை. ஆகவே டிரைவர் தண்டைவிடப் பேர்வே வுட்டின் தண்டு ஐந்து முதல் பத்து கிராம் வரை கனமாக இருப்பது நலம். சமமாக இருந்தாலும் பாதகமில்லை. குறைவாக இருந்தால் கைக்கு வேகம் தப்பிவிடும். புதிதாக வாங்கும் தண்டைத் தனியே பார்க்காமல், பையில் ஏற்கனவே இருப்பவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். வீட்டுக்கு வரும் மருமகளைப் போல் அது குடும்பத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, நீளம். மூன்றாம் எண்ணுக்குச் சுமார் 43 அங்குலமும், ஐந்தாம் எண்ணுக்கு அரை அங்குலம் குறைவாகவும் இருப்பது வழக்கம். நீளம் கூடினால் வேகம் கூடும். ஆனால் பந்து தலையின் நடுவில் படுவது அரிதாகிவிடும். நடுவில் படாத வேகத்தினால் பிரயோஜனம் இல்லை.

இங்கேதான் பெற்றோர் செய்யும் ஒரு காரியத்தைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. தகப்பனார் தம்முடைய பழைய கோலின் தண்டை அறுத்து, அளவைக் குறைத்து, மகனுக்கோ மகளுக்கோ கொடுத்துவிடுகிறார். சிக்கனம் என்று நினைக்கிறார். தண்டை அறுத்தால் அது இன்னும் விறைத்துப் போகிறது; தலையின் கனமோ சிறிதும் குறைவதில்லை. பெரியவருக்கே விறைப்பாக இருந்த கோல் இப்போது குழந்தைக்கு இருப்புலக்கை. அதைத் தூக்கி வீசுவதற்காகக் குழந்தை இடுப்பை ஒடித்து, தோளை உயர்த்தி, ஏதேதோ கோணல்களைக் கற்றுக்கொள்கிறது. பிறகு ஆசிரியரிடம் பணம் கொடுத்து அந்தக் கோணல்களை நிமிர்த்த வேண்டியிருக்கிறது. சில குழந்தைகள் மணிக்கட்டு நோகிறது என்று ஆட்டத்தையே விட்டுவிடுகின்றன. "இவளுக்குச் சக்தி போதாது" என்று வீட்டில் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். போதாதது குழந்தையின் சக்தியல்ல, பெரியவர்களின் யோசனை.

'சக்தி போதாது' என்று சொல்லுகிறவர்கள் ஒரு சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில், கசுமிகசேகி மைதானத்தில், அறுபது பெண்மணிகள் கோல்ப் ஆடினார்கள். அவர்களில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக்கும் ஒருவர். அவ்வாண்டுதான் கொரோனா நோயில் படுத்து எழுந்து உடல்பலம் குறைந்திருந்தார். தூரம் அடிப்பவர்களின் வரிசையில் அவர் பெயரைக் கடைசிப் பகுதியில்தான் தேட வேண்டும். மற்றவர்கள் சிறிய இரும்புக் கோலை எடுத்த இடங்களில் அவர் பேர்வே வுட்டையோ, வுட்டுக்கும் இரும்புக்கும் இடைப்பட்ட கலப்புக் கோலையோ எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தார், நிதானமாக அடித்தார், பசுந்தரையில் நிறுத்தினார், அங்கிருந்து குழிக்குள் தள்ளுவதில் அவரை மிஞ்சுவார் அரிதாகிவிட்டார்கள். அவருடைய பையைச் சுமந்து கூட நடந்தவர் அவருடைய தாயார். நான்கு நாள் முடிவில் அதிதியின் கணக்கு 269. தங்கம் பெற்ற நெல்லி கோர்டாவின் கணக்கு 267. அடுத்த இருவருக்கும் 268. ஒரே ஓர் அடியில் பதக்கம் நழுவிற்று. தேசம் முழுவதும் அன்று காலை விழித்திருந்து பார்த்து ஒரு பெருமூச்சு விட்டது. ஆனால் பதக்கத்தைவிடப் பெரிய ஒரு பாடத்தை அவர் நமக்குக் கொடுத்துவிட்டார். தம் கையால் முடிந்தது எது, முடியாதது எது என்று அறிந்து, முடிந்ததற்கேற்ற கோலை வெட்கப்படாமல் எடுக்கிறவர் உலகத்தின் முதல் வரிசையில் நிற்கலாம் என்பதே அந்தப் பாடம்.

ஆகவே, கோல் வாங்கப் போகும் நேயர்கள் கடைக்குள் நுழையுமுன் சில காரியங்களைச் செய்ய வேண்டும். பையில் உள்ள டிரைவர் எவ்வளவு தூரம் போகிறது, மிக நீண்ட இரும்புக்கோல் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடையிலுள்ள இடைவெளியை எந்தக் கோல் நிரப்பும் என்று பாருங்கள். ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் பத்து முதல் பதினைந்து கெஜம் வித்தியாசம் இருந்தால் போதும். சோதிக்கும்போது பந்தை முளையின்மேல் வைத்து அடிக்காதீர்கள். தரையில் வைத்தே அடியுங்கள். பத்துப் பந்துகள் அடித்து, மிக அதிக தூரம் போன ஒன்றை மறந்துவிட்டு, மற்ற ஒன்பதும் எங்கே விழுந்தன என்று பாருங்கள். ஒன்பதும் ஓரிடத்தில் கூடியிருந்தால் அந்தக் கோல் உங்களுடையது. திசைக்கு ஒன்றாகச் சிதறியிருந்தால், தலை எவ்வளவு அழகாயிருந்தாலும், அதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் வழக்கமாக ஆடும் தரையையும் யோசியுங்கள். சமவெளியின் காய்ந்து இறுகிய தரையில் முகம் உயரமில்லாத தலை பந்தின் அடியில் எளிதாகப் புகும். பனி ஈரத்தில் புல் செழித்த மலை மைதானத்தில் சாய்வு சற்று அதிகமுள்ள கோல் கைகொடுக்கும்.

சாய்வை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு தண்டு, கம்பெனியின் பெயரையும் வர்ணத்தையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வதனால்தான் வீட்டு மூலைகளில் இத்தனை கோல்கள் ஒட்டடை படிந்து நிற்கின்றன. புதுக் கோலுக்குப் பணம் இல்லையென்றால் கவலை வேண்டாம். பழைய கோல், ஆனால் கைக்கு ஏற்ற தண்டு உடையது, புதிய கோலைவிட நூறு மடங்கு மேல். குழந்தைக்கு வாங்கும்போது மட்டும், "இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிடுவான்" என்று பெரிய அளவாக வாங்காதீர்கள். சட்டையை அப்படித் தைக்கலாம். தொளதொளவென்று இருந்தாலும் உடம்புக்குக் கெடுதல் இல்லை. கோல் அப்படியல்ல. இன்றைய கைக்கு இன்றைய கோல்தான் வேண்டும்.